வெற்றிச்செல்வியின் இடது கை

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருக்கிறது டாக்டர் அமிர்தலிங்கத்தின் பல் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டரைப் பார்ப்பது சுலபம். வெற்றிச்செல்வியைத் தாண்டுவதுதான் கஷ்டம். பெண்டாட்டிக்குப் பல் வலி என்று புருஷன் கூட்டி வருவார். கூடவே மாமியார், நாத்தனார், வழியில் பார்த்த சொந்தக்காரர் என்று ஒரு வேன் கூட்டம் படியேறி வரும். வெற்றிச்செல்வி கதவைப் பாதி திறந்து, நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பாள்.

"பல்லு யாருக்கு வலிக்குது?"

"இவளுக்குத்தாங்க."

"அப்ப இவங்க மட்டும் உள்ள வாங்க. மத்தவங்கல்லாம் பெஞ்சுல உக்காருங்க. உங்களுக்கு வலிக்கிறப்ப உங்களையும் கூப்புடுறேன்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். கவுன்சிலர் வந்தாலும் இதே பேச்சு, அவருடைய டிரைவர் வந்தாலும் இதே பேச்சு. பல்லாஸ்பத்திரி போலீஸ் என்று அவளுக்கு ஒரு பெயரே விழுந்துவிட்டது. அவள் காதிலும் அது விழுந்தது. அதற்காக அவள் கொஞ்சமும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட போலீஸுக்கே இந்த மாசி மாதம் பல் வலி வந்துவிட்டது. கீழ்வரிசைக் கடவாய்ப் பல். யாருக்கும் தெரியாமல் கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு, டீயைத் தலையை ஒருபக்கம் சாய்த்துச் சாய்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள். ஊரில் உள்ள அத்தனை பேர் வாயையும் பார்த்தவருக்கு இது தெரியாமல் போகுமா? டாக்டர் ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"செல்வி, வாயத் திற."

"ஒண்ணுமில்ல சார்."

"இந்த ஒண்ணுமில்லயத்தான் நான் ஊரு பூரா கேட்டுட்டிருக்கேன். திறம்மா."

நின்ற இடத்திலேயே டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. சொத்தை ஆழமாக இறங்கிவிட்டது, ரூட் கெனால் செய்தால் பல்லைக் காப்பாற்றிவிடலாம், இன்னும் தள்ளிப்போட்டால் பிடுங்க வேண்டியதுதான் என்றார். வெற்றிச்செல்வி சரி சார் என்றாள். மாரியம்மன் திருவிழா முடியட்டும் என்றாள். அப்புறம் நாத்தனார் மகள் சடங்கு என்றாள். அப்புறம் ஒரு காரணமும் சொல்லாமலேயே நாளைக் கடத்தினாள்.

விஷயம் என்னவென்றால், இருபது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவள் ஒருநாள்கூட அதில் படுத்தது கிடையாது. துடைப்பதற்கு முட்டி போட்டு ஏறியதோடு சரி. வலிக்கு அவள் பயப்படவில்லை. மூன்று பிள்ளை பெற்றவள் வலிக்கு எங்கே பயப்படப் போகிறாள். அந்த வெளிச்சத்துக்குக் கீழே மல்லாந்து படுத்தவர்களின் கை, எதையாவது பிடித்துக்கொள்ள முடியுமா என்று காற்றில் தேடுவதை அவள் பார்த்திருக்கிறாள். அங்கே இப்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்பது அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

முன்னால் இருந்தது. 

ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் பக்கத்து ஊர் அவளுக்கு. அம்மா ஆண்டாயி பருத்திக் காட்டில் களையெடுத்தே காலத்தை ஓட்டியவள். வெற்றிச்செல்வி பிளஸ் டூ முடித்து, கல்யாணமும் முடிந்து, மூத்தவன் நடக்க ஆரம்பித்த சமயத்தில், அதே ஊர்க்காரி மலர்க்கொடி அவளை இங்கே கூட்டி வந்தாள். மலர்க்கொடி ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிப் பேர் கூப்பிடுகிற வேலையில் இருந்தாள். கதவுக்கு நேர் எதிரே அவள் மேஜை. உள்ளே நடப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டு, வெளியே நடப்பதை அதட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். மலர்க்கொடி வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கு வெற்றிச்செல்வி அடிமை.

அப்போதெல்லாம் சக்‌ஷன் என்றால் மாடித் தொட்டியில் தண்ணீர் இருந்தால்தான் சக்‌ஷன். குழாய்த் தண்ணீர் ஓடுகிற வேகத்தில்தான் வாயில் வைக்கிற எச்சில் குழாய் எச்சிலை உறிஞ்சும். கீழே ஜவுளிக்கடைக்காரர் தரை கழுவினால் மேலே நோயாளி வாயில் எச்சில் நிரம்பிவிடும். "அண்ணே, பைப்ப மூடுங்கண்ணே, இங்க ஒருத்தரு முழுங்குறாரு" என்று மலர்க்கொடி ஜன்னல் வழியாகக் கத்துவாள். தண்ணீரே வராத நாளில் பஞ்சும் துப்புகிற கிண்ணமும்தான் கதி. வெற்றிலைக்காரர்கள் அந்தக் கிண்ணத்தைப் படுத்திய பாட்டை வெற்றிச்செல்வி இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

நாற்காலியைச் சுற்றி எப்போதும் ஒரு சபை கூடியிருக்கும். மாமனார் டாக்டர் தோளுக்கு மேலாக எட்டி, "அந்தப் பல்லு இல்லைங்க, அதுக்குப் பக்கத்துப் பல்லு" என்பார். ஒருத்தர் பிளாஸ்க்கோடு நிற்பார். டாக்டரும் சளைத்தவர் இல்லை. உடையார்பாளையத்தில் இருக்கிற தன் காட்டையும், அதில் போட்ட மக்காச்சோளத்தையும், அதைத் தின்ன வந்த தண்டுப்புழுவையும் பற்றி, வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவரிடம் கேள்வியாகக் கேட்டு, பதிலையும் தானே சொல்லிக்கொண்டு வேலை செய்வார். அந்தச் சத்தத்தில் பாதிப் பேருக்குப் பல் வலி மறந்துபோகும்.

அந்த எச்சில் குழாய் மெல்லியது. வளைத்து உதட்டோரம் மாட்டிவிட்டால் அதுபாட்டுக்குத் தொங்கும், யாரும் பிடிக்க வேண்டாம். வெற்றிச்செல்வி வலது கையால் சாமான்களை எடுத்துக் கொடுப்பாள். இடது கைக்கு வேலை இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு வெங்காய வியாபாரி, மீசையும் தொந்தியுமாக அவ்வளவு பெரிய ஆள், ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டார். வெற்றிச்செல்வி திடுக்கிட்டு மலர்க்கொடியைப் பார்த்தாள். "விடுடி, பாவம், புடிச்சுக்கட்டும்" என்று மலர்க்கொடி ஜாடை காட்டினாள்.

அன்றிலிருந்து அந்தக் கை நோயாளிகளுக்கு என்று ஆகிவிட்டது. யாரும் அவளைக் கை கொடுக்கச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. படுத்தவுடன் அவளே நீட்டிவிடுவாள். கண்ணாடி வளையல்கள் உடைந்து உடைந்து, கடைசியில் இடது கையில் வளையல் போடுவதையே விட்டாள். நாளாக ஆக, பிடியைக் கொண்டே அவளுக்கு எல்லாம் தெரிய ஆரம்பித்தது. சும்மா பயத்தில் பிடிப்பது ஒரு மாதிரி இருக்கும். நிஜமாகவே வலித்தால் விரல்கள் ஒன்றோடொன்று நசுங்கும். அப்போது, "சார், கொஞ்சம் நிறுத்துங்க" என்பாள். டாக்டர் தண்டுப்புழுவையும் நிறுத்துவார், டிரில்லையும் நிறுத்துவார். இன்னொரு ஊசி போட்டுவிட்டுத்தான் மறுபடி தொடுவார்.

ஒருநாள் சுந்தராம்பாள் வந்தார். வெற்றிச்செல்வியின் அம்மா களையெடுத்த காடு அவர்கள் வீட்டுக் காடு. சின்னப் பிள்ளையாக அம்மாவோடு அந்த வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. வெயிலுக்கு மோர் கொடுப்பார்கள். சொம்பு கையில் வராது. அம்மா குனிந்து இரண்டு கையையும் குழித்துப் பிடிப்பாள், அந்த அம்மாள் மேலேயிருந்து ஊற்றுவார். அவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினால் பாதி கீழேதான் போகும். அப்படியிருந்தும் அம்மா முகத்தில் ஒன்றும் இருக்காது. சின்னவளுக்குத்தான் கீழே போன மோர் மேல் கோபம் கோபமாக வரும்.

அந்தச் சுந்தராம்பாளுக்குக் கடவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. வெற்றிச்செல்வியை அவருக்கு அடையாளம் தெரியவில்லையா, தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தாரா, சொல்ல முடியாது. அன்றைக்கு ஒருநாள் வெற்றிச்செல்வி கையை நீட்டவில்லை. இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். டாக்டர் ஊசியை எடுத்தார். அந்த அம்மாளின் கை நாற்காலியின் ஓரத்தைத் தடவியது, காற்றைத் தடவியது, கடைசியில் இவள் முந்தானையைப் பிடித்தது. அதற்கு மேல் வெற்றிச்செல்வியால் முடியவில்லை. கொடுத்தாள். பல் பிடுங்கி முடித்து, ரத்தம் நின்று, பஞ்சு வைத்த பிறகும் சுந்தராம்பாள் அந்தக் கையை விடவில்லை. வாயில் பஞ்சோடு, "இரு தாயி, செத்த இரு" என்றார்.

சாயங்காலம் நேராக அம்மா வீட்டுக்குப் போய் வெற்றிச்செல்வி கையைக் காட்டினாள். புறங்கையில் நகம் பதிந்த தடம் பிறைபோல் சிவந்திருந்தது. ஆண்டாயி அந்தக் கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ரொம்ப வலிச்சுதாடி?"

"எனக்கா, அவங்களுக்கா?"

"அவங்களுக்குத்தான்" என்றாள் ஆண்டாயி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்ததை அவள் அதற்கு முன்னால் பார்த்தது இல்லை. அம்மா போய்ச் சேர்ந்து இப்போது ஏழெட்டு வருஷம் ஆகிறது. அந்தச் சிரிப்பு மட்டும் வெற்றிச்செல்வியிடம் அப்படியே இருக்கிறது.

பிறகு கொரோனா வந்தது. ஆஸ்பத்திரியைப் பூட்டினார்கள். வாயைத் திறந்து வைத்துச் செய்கிற வேலை என்பதால், மற்ற கடைகளெல்லாம் திறந்த பிறகும் பல் ஆஸ்பத்திரியைத் திறக்க டாக்டருக்கு மனம் வரவில்லை. ஒருவழியாகத் திறந்த சில நாளில், சாயங்கால வேளையில், ஒருவருக்குப் பல் கிளீனிங் நடந்துகொண்டிருந்தது. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. அந்த மெஷின் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டேதான் ஓடும். அந்தத் தண்ணீர் எச்சிலோடும் ரத்தத்தோடும் கலந்து பொடிச் சாரலாக எழும்பியது. வெயில் பட்டதில் வெற்றிச்செல்வி அதை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தாள். நாற்காலிக்கு மேலே மூட்டமாக எழுந்து, கீழே இறங்காமல், மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தது. கதவுக்கு எதிரே மலர்க்கொடி உட்கார்ந்து பேர் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சார், அங்க பாருங்க" என்றாள். டாக்டரும் பார்த்தார். இத்தனை வருஷமாக இதற்குள்ளேதான் நாம் நின்றுகொண்டிருந்தோமா என்பதுபோல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதமே சாரலை உறிஞ்சப் பெரிய மோட்டார் வந்தது. அதோடு பெருவிரல் தடிமனில் ஒரு குழாய். அது உதட்டில் தொங்குகிற சாதி இல்லை, கையில் பிடிக்க வேண்டும். டிரில் எந்தப் பல்லில் ஓடுகிறதோ அந்தப் பல்லை ஒட்டியே குழாயும் ஓட வேண்டும். கொஞ்சம் விலகினாலும் சாரல் தப்பித்து மேலே எழும்பிவிடும். வெற்றிச்செல்விக்கு அது சீக்கிரமே வசப்பட்டது. ஆனால் வலது கையில் குழாய், இடது கையால் கன்னத்தையும் நாக்கையும் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும் என்று ஆனபோது, நோயாளிக்குக் கொடுக்கக் கை இல்லாமல் போயிற்று. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டிக் கன்னத்தை ஒதுக்குகிற வேலையிலும், சாரல் தப்பிவிடுமோ என்று இரண்டு கையாலும் குழாயைத்தான் பிடிப்பாள். கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு வந்தது. சபை கலைந்தது. வலித்தால் கையைத் தூக்குங்கள் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். பாதிப் பேர் பயத்தில் அதை மறந்துவிடுவார்கள். அவர்களின் கை அவள் புடவையைத் தேடும், அவள் பார்த்தும் பார்க்காததுபோல் குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாவது அலையில் மலர்க்கொடி போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் தொற்றியதா, விக்கிரமங்கலத்தில் அவள் போன கல்யாணத்தில் தொற்றியதா, யாருக்கும் தெரியாது. இனிமேல் தெரியப் போவதும் இல்லை. ஆனால் வெயிலில் நகர்ந்த அந்த மூட்டம் வெற்றிச்செல்வியின் கண்ணை விட்டுப் போகவில்லை. அவள் போலீஸ் ஆனது அப்போதுதான். துணைக்கு வந்தவர்களை அவள் வெளியே தள்ளும்போது அதிகாரம் பண்ணுகிறாள் என்று ஊர் நினைத்தது. அந்த மூட்டம் போகிற வழியில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

மலர்க்கொடி போன துக்கத்தில் டாக்டர் இன்னொரு மெஷினும் வாங்கிப் போட்டார். சக்கரம் வைத்த ஒரு பெட்டி. அதன் தலையிலிருந்து வளைந்து நீளும் ஒரு கை, அதன் நுனியில் குடைபோல் விரிந்த ஒரு வாய். தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளி அதை நிறுத்திவிட்டால், குழாய்க்குத் தப்பி வெளியே பறக்கிற சாரலையும் இழுத்து, உள்ளே ஃபில்டரில் வடிகட்டிவிடும். யாரும் பிடித்துக்கொள்ள வேண்டாம், நிறுத்தின இடத்தில் நிற்கும். முதல் நாள் வந்த பையன் ஒருவன், "யானை" என்றான். அதற்குப் பெயரே அதுவாகிவிட்டது.

யானைக்கு இந்த ஊரில் என்ன மரியாதை உண்டோ அது அதற்கும் கிடைத்தது. ஆண்டிமடம் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள், தும்பிக்கை முகத்துக்கு நேரே நீண்டு வந்ததும், கோயில் யானை ஆசீர்வாதம் பண்ணுகிறது என்ற பழக்கத்தில் கைகூப்பித் தலையைக் குனிந்து கொடுத்துவிட்டார். கொண்டையில் இருந்த கனகாம்பரம் மொத்தமும் சர்ரென்று உள்ளே போய்விட்டது. மெஷின் உறுமியது, பிறகு அடங்கியது. திறந்து பார்த்தால் ஃபில்டர் பூராவும் பூ. "எடுத்துக்கிச்சு, நல்ல சகுனம்" என்றார் அந்த அம்மாள். டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெற்றிச்செல்வி சிரிக்கவில்லை. பூ வைத்துக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்று அன்றைக்கே ஒரு சட்டம் போட்டாள்.

உள்ளபடி சொன்னால் அவளுக்கு அந்த யானையைப் பிடிக்கவில்லை. சத்தத்தில் டாக்டரின் மக்காச்சோளக் கதை யாருக்கும் கேட்பதில்லை, அவரும் பேச்சை நிறுத்திவிட்டார். அதோடு, குழாய் பிடிப்பது ஒன்றுதான் தன் கையில் மிச்சம் இருக்கிறது, அதையும் இந்தப் பெட்டி வாங்கிக்கொண்டால் தான் எதற்கு என்ற பயமும் உள்ளூர இருந்தது. ஊரில் பயம் தெளிந்து மாஸ்க்கெல்லாம் கழன்ற பிறகு, "நான் ஒழுங்காப் புடிக்கிறேன் சார், இது எதுக்கு இரைஞ்சுகிட்டு" என்று அதை மூலைக்குத் தள்ளி, பழைய போர்வையைப் போட்டு மூடினாள். டாக்டருக்கும் பேச்சுத்துணை திரும்பக் கிடைத்ததில் சந்தோஷம்தான். யானை மூலையிலேயே கிடந்தது.

போன வருஷம் லாவண்யா சேர்ந்தாள். ஆண்டிமடத்தில் முந்திரிக் கொட்டை உடைக்கிற ஷெட்டில் இருந்தவள். கொட்டை ஓட்டிலிருந்து கசிகிற முந்திரிப் பால் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தடித்துப்போய், அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். வாய் ஓயாமல் பேசுவாள். அவள் குழாயைப் பிடிக்கும் லட்சணம் வெற்றிச்செல்விக்கு ஒருநாளும் திருப்தியாக இருந்ததில்லை. "வாயில புடிக்கச் சொன்னா வாசல்ல புடிக்கிற" என்று ஏசுவாள். லாவண்யா அதற்கும் சிரிப்பாள்.

ஆக, இந்த மாசியில் நிலைமை இதுதான். வெற்றிச்செல்விக்குப் பல் வலி. ஆஸ்பத்திரியில் நன்றாகக் குழாய் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், அவளே நாற்காலியில் படுத்துவிட்டால் பிடிப்பது லாவண்யா. அந்த நினைப்பும் சேர்ந்துகொண்டு அவளை இழுத்தடித்தது. கடைசியில் ஒரு காலையில் கன்னம் வீங்கி வந்து நின்றாள். டாக்டர் திட்டவில்லை. மாத்திரை கொடுத்து வீக்கத்தை வற்ற வைத்து, "வெள்ளிக்கிழம மத்தியானம் வேற யாரும் வேணாம், நீ மட்டும்தான்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் புருஷன் கலைச்செல்வனும் கூட வந்தார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், அன்றைக்கு வண்டியை எடுக்கவில்லை. தான் வேலைக்கு வரவில்லை, வைத்தியத்துக்கு வருகிறோம் என்பதால் வெற்றிச்செல்வி தலையில் இரண்டு முழம் மல்லிகை வைத்திருந்தாள். தன் சட்டம் தனக்கே மறந்துவிட்டது. கதவருகில் வந்ததும் கலைச்செல்வன் நின்றுவிட்டார்.

"நான் உள்ள வரலாமா?"

அவள் அவரைப் பார்த்தாள், உள்ளே நாற்காலியைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லத்தான் வாய் வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மலர்க்கொடியின் மேஜை காலியாக இருந்தது.

"வேணாங்க. பெஞ்சுல உக்காருங்க."

"அதானே. நீ போட்ட சட்டமாச்சே" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். கிண்டல் பண்ணுகிறாரே தவிர, அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

உள்ளே போனால் யானை போர்வையைக் களைந்துவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது.

"இது எதுக்கு சார்?"

"உன் கைக்குப் பதிலும்மா" என்றார் டாக்டர். "நீ புடிச்சா எனக்கு வேற எதுவும் வேணாம். நீ படுத்துட்ட. லாவண்யாவுக்குக் கை இன்னும் படியல. தப்பிச்சு வர்றத இது பாத்துக்கும். முதல்ல அந்தப் பூவ எடு, இல்லன்னா இது எடுத்துக்கும்."

பூவை எடுத்து லாவண்யா ஜன்னலில் வைத்தாள். வெற்றிச்செல்வி படுத்தாள். விளக்கு முகத்துக்கு நேரே வந்தது. இத்தனை வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்த விளக்கு, கீழேயிருந்து பார்க்கும்போது வேறு என்னவோ போலிருந்தது. ஊசி போட்டார். உதடு தடித்தது. பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட்டை மாட்டினார். அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரிய, நாக்கும் கன்னமும் ஷீட்டுக்கு அடியில் போய்விட்டன. தும்பிக்கை தாடையருகே வந்து நின்று இரைய ஆரம்பித்தது. டாக்டர் அந்த இரைச்சலிலும் என்னவோ பேசினார். மக்காச்சோளமாகத்தான் இருக்கும்.

டிரில் ஓடியது. வெற்றிச்செல்வி கண்ணை மூடினாள். அப்போது அவள் கை, அவள் சொல்லாமலேயே, நாற்காலியின் ஓரத்தைத் தடவியது. அவளுக்கே வெட்கமாக இருந்தது. அங்கே ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியாதா? லாவண்யாவின் ஒரு கையில் குழாய், இன்னொரு கையால் கன்னத்தை ஒதுக்க வேண்டும். வேண்டுமா? கன்னத்தைத்தான் ரப்பர் ஷீட் ஒதுக்கி வைத்திருக்கிறதே. சாரலைத்தான் யானை பார்த்துக்கொள்கிறதே.

அவள் கையை ஒரு கை வந்து பிடித்தது. கையுறைக்குள்ளும் தடிப்பாகத் தெரிந்த விரல்கள்.

வெற்றிச்செல்வி பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் டிரில் நரம்பைத் தொட்டது. ஊசியையும் மீறி ஒரு வலி காது வரைக்கும் ஏறியது. கையைத் தூக்க வேண்டும் என்று ஆயிரம் பேருக்கு டாக்டர் சொல்லிக் கேட்டவள் அதை மறந்தாள். பிடித்திருந்த விரல்களை நசுக்கினாள்.

"சார், கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் லாவண்யா.

இரைச்சலையும் தாண்டி அது கேட்டது. டாக்டர் நிறுத்தினார். இன்னொரு ஊசி போட்டார். வெற்றிச்செல்வியின் கண்ணிலிருந்து தண்ணீர் காதோரமாக இறங்கியது. டாக்டர் அதை வலி என்று நினைத்துக்கொண்டு, "ஆச்சும்மா, ஆச்சு, இனிமே தெரியாது" என்றார். இனிமேல் தெரியவும் இல்லை. ஆனாலும் முடிகிற வரைக்கும் அவள் கையை விடவில்லை, லாவண்யாவும் விடவில்லை.

எழுந்து உட்கார்ந்ததும், மரத்துப்போன வாயால் குழறிக் குழறி, "ஒனக்கு எப்புடித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"நீங்கதான் நசுக்குனீங்களேக்கா" என்றாள் லாவண்யா. கையுறையைக் கழற்றி விரல்களை உதறிக்கொண்டாள். புறங்கையில் பிறைபோல் நகத்தடம். வெற்றிச்செல்வி அந்தக் கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மலர்க்கொடி இருந்திருந்தால் இந்நேரம் கதவிலிருந்து எட்டிப் பார்த்துக் கேலி பண்ணியிருப்பாள். அம்மா இருந்திருந்தால் சாயங்காலம் அவளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் இல்லையே என்று அவளுக்கு அப்போது தாங்க முடியாத வருத்தமாக இருந்தது.

"ரொம்ப வலிச்சுதாடி?" என்று கேட்டாள்.

"எனக்கா, உங்களுக்கா?" என்று லாவண்யா சிரித்தாள்.

திங்கட்கிழமை வெற்றிச்செல்வி வேலைக்கு வந்தாள். போர்வையை மடித்து அலமாரியில் வைத்தாள். யானையின் ஃபில்டரை மாற்றி, சக்கரத்தில் சுற்றியிருந்த நூலையெல்லாம் எடுத்துவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள். கிளீனிங் என்றால் இரண்டு கையும் வேண்டும், அதில் மாற்றம் இல்லை. ரப்பர் ஷீட் போடுகிற வேலைக்கெல்லாம் யானை ஓடட்டும் என்று டாக்டரிடம் சொன்னாள். "அப்ப என் பேச்சு?" என்றார் அவர் பரிதாபமாக. "சத்தமாப் பேசுங்க சார்" என்றாள்.

பத்து மணிக்கு ரூட் கெனாலுக்கு ஒரு ஆள் வந்தார். கதவருகே அவரோடு வந்த அண்ணன், மச்சான், மச்சானின் சிநேகிதர் எல்லோரையும் வழக்கம்போல் பெஞ்சுக்கு அனுப்பினாள். உள்ளே வந்தவர் தனியாகப் படுத்து, மிரண்டு மிரண்டு விளக்கைப் பார்த்தார். ஊசி போட்டு, ஷீட் மாட்டி, தும்பிக்கை வந்து இரைய ஆரம்பித்ததும் அவர் கை நாற்காலியின் ஓரத்தைத் தேடியது.

வெற்றிச்செல்வி வலது கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு, இடது கையை நீட்டினாள்.